டியூட்டி மாற்ற ஆள் வரும் வரை

போன வாரம் இளம் நிருபர்களான உங்களில் ஒருவர் ஒரு செய்தியின் வரைவை எனக்கு அனுப்பி, "அண்ணே, தலைப்பு சரியா இருக்கா பாருங்க" என்று கேட்டிருந்தார். 'தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் மனநோயாளி ரகளை' என்பது தலைப்பு. நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் யாருடைய தலைப்பையும் திருத்துவதில்லை. ஆனால் இதே தலைப்பை, ஏறக்குறைய இதே சொற்களில், என் பக்கத்தில் நின்ற ஒருவர் கைபேசியில் தட்டுவதை நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒருநாள் பார்த்திருக்கிறேன். அந்த நாளைச் சொல்கிறேன். தலைப்பை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஒடுகத்தூர் போகும் சாலையில், ஒரு கிராமத்தின் கடைசித் தெரு. நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். தெருவின் நடுவில் ஒரு சமையல் எரிவாயு சிலிண்டர் சாய்ந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்தவர் தன் வண்டியைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டிருந்தார். சிலிண்டருக்கு நேர் எதிரே ஒரு காரை வீடு. இரும்பு கிரில் கேட்டுக்குப் பின்னால், முன்கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி.

அவர் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் பணி முடித்து வந்தவர். ஏடிஎம்களுக்குப் பணம் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் ஆம்பூர் கிடங்கில் காவலாளி. இந்த வேலையைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது. கன்மேன் என்கிற துப்பாக்கிக் காவலாளி வேலைக்கு ஆள் மட்டும் போதாது. உரிமம் பெற்ற சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும். துப்பாக்கி இருந்தால்தான் வேலை. உரிமம் போனால் அடுத்த நாளே வேலை போகும். நம் மாவட்டத்தில் படையிலிருந்து திரும்பிய பலருக்கு இரண்டாவது வாழ்க்கை அந்தக் குழல்களில்தான் ஓடுகிறது.

சிலிண்டர்காரர் கேட்டைத் தொட்டபோது உள்ளிருந்து, "நில்! யாரு?" என்று குரல் வந்திருக்கிறது. கூடவே துப்பாக்கியும் உயர்ந்திருக்கிறது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. நான் விசாரித்த எல்லோரும் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் தெருமுனைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கதை வளர்ந்துவிட்டிருந்தது. இரண்டு பேரைச் சுட்டுவிட்டார் என்று பேருந்து நிறுத்தத்திலேயே எனக்குச் சொன்னார்கள்.

தெருமுனையில் கூட்டம். பள்ளிகொண்டா பக்கத்துக் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளர், முப்பதைத் தாண்டிய ஒரு பெண், ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப் அந்த வீட்டிலிருந்து தெரியும் இடத்தில் நின்றிருந்தது. வேலூரிலிருந்து ஆயுதப் படை கிளம்பிவிட்டதாக வயர்லெஸ் சொன்னது. அதைக் கேட்டு அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

"மேடம், கரண்ட்ட கட் பண்ணிட்டா?" என்றார் ஒரு காவலர். "இருட்டாச்சின்னா பின்னால போய்டலாம்."

"பட்டப்பகல்ல இன்னாயா இருட்டு? ஃபேன் நிக்கும், டிவி நிக்கும். யாரோ வர்றாங்கன்னு நெனச்சிதான அவரு உக்காந்திருக்காரு? வந்துட்டாங்கன்னு முடிவு பண்ணிடுவாரு. ஒயர்ல யாரும் கை வைக்காதீங்க."

டிவி என்றதும்தான் நானும் காது கொடுத்துக் கேட்டேன். வீட்டுக்குள் ஒரு செய்திச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவரின் குரல் தெருமுனை வரை கேட்டது. என் பக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர் நின்றிருந்தார். நல்ல உழைப்பாளி, என்னைவிட வேகமானவர். அவர்தான் அந்தத் தலைப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தோட்டா நிரப்பினதுன்னு போட்டிருக்கீங்களே, யார் பார்த்தது?" என்றேன்.

"மிலிட்டரிக்காரரு அண்ணே. தோட்டா இல்லாமயா உக்காருவாரு?"

"உள்ள ஓடறது எந்தச் சேனல்னு கேளுங்க."

அவர் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய சேனல்தான். கைபேசியை மெல்லத் தாழ்த்தினார். "ஆபீஸ்ல ப்ரேக்கிங் கேட்டு உயிர எடுக்கறாங்க அண்ணே. இன்னா சொல்றது?"

"இங்கே நடக்கறத எல்லாம் அவர் பார்த்துக்கிட்டு இருக்கார்னு சொல்லுங்க. போலீஸ் எங்க நிக்குதுன்னு நீங்க சொல்லித்தான் அவருக்குத் தெரியணுமா?"

அவர் தன் அலுவலகத்தோடு சண்டை போட்டார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "சார், வேலைய விட்டு எடுத்தாலும் பரவால்ல, இப்ப குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்துப் பையில் போட்டார். வந்திருந்த மற்ற இரு நிருபர்களும் அவரைப் பார்த்துவிட்டுத் தங்களுடையதை வைத்தார்கள். அன்று அந்தத் தெருவில் எங்கள் தொழிலுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நான் என் செய்தி ஆசிரியரை அழைத்தேன். அவர் கேட்டது ஒன்றே: "யாருக்காவது காயமா?" இல்லை என்றேன். "அப்ப காத்திரு" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் ஏழுமலையின் மனைவி வந்து இறங்கினார். சாந்தி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொல்ல, பாதி ஷிப்டில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கையில் டிபன் பை.

"மிலிட்டரி மெண்டல் ஆயிட்டாரு, இவங்க ஷூ தெச்சிட்டு வர்றாங்க" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்லிச் சிரித்தான். கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாந்தி நின்று திரும்பினார். "டேய் குமாரு, போன மழையில உங்க மாடு ஆத்துல போச்சே, எறங்கிப் புடிச்சிக் குடுத்தது எந்த மெண்டல்டா?"

குமார் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை.

உதவி ஆய்வாளர் அவரை ஒரு வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். நான் காதுக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், விரட்டவில்லை.

"எவ்ளோ நாளா இப்டி?"

"மாசக்கணக்கா தூக்கம் கம்மி மேடம். இப்ப சுத்தமா இல்ல. யாரோ வீட்ட நோட்டம் பாக்கறாங்க, பொண்ண காலேஜ்ல இருந்து கூட்டினு வரணும்னு ஒரே பேஜாரு. நானே போய் டாக்டர பாத்தேன். அவர இட்டுனு வாம்மா, அதுக்கு முன்னாடி துப்பாக்கிய வீட்ட விட்டு எடுத்துடுன்னு சொன்னாரு. எப்டி எடுப்பேன்? ஸ்டேஷன்ல சொன்னா லைசென்ஸ் போய்டும். லைசென்ஸ் போனா வேல போய்டும். வேல போனா அவரு இன்னும் ஜாஸ்தி ஒடிஞ்சி போய்டுவாரு."

சொல்லிவிட்டு டிபன் கேரியரைத் திறந்தார். மேல் தட்டில் சோறு. கீழ்த் தட்டில் ஒரு துணி. துணிக்குள் சிவப்புத் தோட்டாக்கள்.

"துப்பாக்கியத்தான் ஒளிக்க முடியாது. இத எடுத்துடலாம்ல? அவரு லீவு போட்டு வீட்ல இருக்கறதுல இருந்து டெய்லி கம்பெனிக்கு எடுத்துனு போறேன்."

தோல் கம்பெனிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள். தோல் துண்டு ஒன்று வெளியே போனாலும் வேலை போகும். அந்தச் சோதனை வழியாகத் தினமும் தோட்டாக்களோடு நடந்து வந்திருக்கிறார் இந்தப் பெண். பிடிபட்டிருந்தால் அவர் வேலையும் போயிருக்கும், அவர்மேல் வழக்கும் வந்திருக்கும். இரண்டும் தெரிந்துதான் செய்தார். குற்றச் செய்திகளிலேயே காலத்தைக் கழித்தவன் நான். துணிச்சல் என்று பேசப்பட்ட பலவற்றை எழுதியிருக்கிறேன். எதுவும் அந்தக் கீழ்த் தட்டுக்கு அருகில் வராது.

"எல்லாமே இதான?" என்றார் உதவி ஆய்வாளர்.

"வீட்ல இருந்தது எல்லாம். வேற எங்கனா வெச்சிருந்தாருன்னா எனக்குத் தெரியாது மேடம். காலையில பெட்டிய தொறந்து பாத்திருப்பாரு. தோட்டா இல்ல. யாரோ உள்ள பூந்துட்டாங்கன்னு நெனச்சிதான் கேட்ல போய் உக்காந்துட்டாரு. நான்தான் இத ஆரம்பிச்சி வெச்சிட்டேன்."

"நீ எடுக்கலன்னா இன்னா ஆயிருக்கும்னு யோசிச்சிப் பாரு" என்றார் உதவி ஆய்வாளர். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, அன்றைய நாளைத் தீர்மானித்த கேள்வியைக் கேட்டார். "யார் சொன்னா எழுந்து வருவாரு?"

சாந்தி யோசித்தார். "யார் சொன்னாலும் வர மாட்டாரு மேடம். டியூட்டில இருக்காரு. மாத்த ஆள் வந்தாத்தான் எழுந்திருப்பாரு."

கிடங்கில் ஷிப்ட் மாறும் வழக்கத்தை அவர் விளக்கினார். படையிலிருந்து இவர்கள் கூடவே கொண்டுவந்த பழக்கம் அது. அடுத்த ஆள் சீருடையில் எதிரில் வந்து நிற்க வேண்டும். போகிறவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, குழல்கள் காலி என்று வந்தவருக்குக் காட்ட வேண்டும். தோட்டாவை எண்ணி, ஏதாவது குறை இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பலாம். மாற்ற ஆள் வரவில்லையென்றால் இரவானாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஏழுமலையை மாற்ற வருகிறவர் எப்போதும் அன்வர். அவரும் முன்னாள் ராணுவத்தினர், வாணியம்பாடிக்காரர்.

உதவி ஆய்வாளர் ஆம்பூரில் இருந்த அன்வரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். "யூனிஃபார்ம்ல வாங்க. உங்க துப்பாக்கி வேணாம். இந்தத் தெருவுல ஒரு துப்பாக்கியே ஜாஸ்தி."

அன்வர் வருவதற்குள் ஆயுதப் படை வந்துவிடக் கூடாது. வேலூரும் ஆம்பூரும் அந்தக் கிராமத்துக்கு இரண்டு பக்கங்கள். எது முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் தெருவில் இறங்குவதை நாற்காலியில் இருப்பவர் பார்த்தால், அவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் உண்மையிலேயே வந்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். அவர் துப்பாக்கியைத் தூக்குவார். வருகிறவர்களுக்கு அது போதும். உதவி ஆய்வாளர் மேலதிகாரியை அழைத்தார். பணிவாகப் பேசினார், ஆனால் விடவில்லை. "சார், வண்டி ஹைவேயிலயே நிக்கட்டும் சார். எதுனா ஆச்சின்னா நான் பொறுப்பு சார். ஆமா சார், எழுதியே குடுக்கறேன்." பேசி முடித்துவிட்டுக் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டி நெடுஞ்சாலையிலேயே நின்றது.

அன்வர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கனத்த உடம்பு, மருதாணி போட்ட தாடி. உதவி ஆய்வாளர் அவரிடம், "கிட்டப் போனதும் குழலப் புடிச்சிக்குங்க, பின்னாலயே நாங்க வந்துடறோம்" என்று சொல்லத் தொடங்கினார்.

"இல்ல மேடம்." அன்வர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே பேசினார். "மாத்தறதுன்னா மாத்தறதுதான். புடிச்சேன்னா நாளைக்கி எவன நம்புவான் அவன்? நான் டியூட்டி எடுத்துக்கறேன். நெசமாவே எடுத்துக்கறேன். நீங்க வராதீங்க."

"குழல்ல தோட்டா இருந்தா?"

"இருந்தா எடுத்துக் காட்டுவான். எப்பவும் காட்டுவான்."

உதவி ஆய்வாளர் அன்வரைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். நல்ல அதிகாரி என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். தான் சொன்னதை இன்னொருவர் மறுக்கும்போது, நேரம் இல்லாத நேரத்திலும் நின்று கேட்கத் தெரிந்தவருக்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவையுங்கள்.

அன்வர் தெருவின் நடுவே, இயல்பான நடையில் போனார். சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு எதிரில் நின்றார்.

"நில்! யாரு?"

"அன்வர். டியூட்டி மாத்த வந்திருக்கேன்."

ஏழுமலை கழுத்தை நீட்டி அவர் சீருடையைப் பார்த்தார்.

"லேட்டு பாய்."

"ஹைவேல டிராஃபிக்கு ஜாஸ்திப்பா."

"உன் துப்பாக்கி எங்க?"

"எடுத்துனு வரல. மேடம் வேணான்னாங்க. தெருமொனையில நிக்கிறாங்க பாரு."

அன்வர் ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம்; சொல்லவில்லை. ஏழுமலை தெருமுனையைப் பார்த்தார். உதவி ஆய்வாளர் மறைந்துகொள்ளவில்லை. கையை உயர்த்திக் காட்டினார்.

ஏழுமலை எழுந்தார். கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார். துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல்களை அன்வரின் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்வர் குனிந்து பார்த்தார். அவற்றின் வழியே தரை தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி காலியாக இருந்தது. காலையிலிருந்து காலியாகத்தான் இருந்தது. ஆயுதப் படை முதலில் வந்திருந்தால், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு தன் வீட்டுக்குக் காவல் இருந்த ஒரு மனிதரின் பிரேதப் பரிசோதனையைத்தான் நாங்கள் அன்று எழுதியிருப்போம். 'தோட்டா நிரப்பிய' என்று எல்லா நாளிதழ்களிலும் வந்திருக்கும்.

ஆனால் ஏழுமலை துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"தோட்டா குறையுது பாய். எல்லாமே காணோம். என் டியூட்டிலதான் போச்சி."

படையில் இருந்தவரைக் கேட்டுப் பாருங்கள், அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்பார். அன்று பகல் முழுவதும் அவர் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது அதைத்தான். எடுத்தது சாந்தி என்று அன்வரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்; அதை அவர் சொல்லலாமா? கணவனின் மனத்தில் மனைவியே எதிரியாகிவிட்டால்?

அதற்குள் சாந்தி நடக்கத் தொடங்கியிருந்தார். உதவி ஆய்வாளர் கையை நீட்டித் தடுத்தார். சாந்தி அந்தக் கையை மென்மையாக விலக்கிவிட்டுப் போனார். கேட்டருகே நின்று கேரியரின் கீழ்த் தட்டைக் கழற்றி நீட்டினார்.

"குறையல மாமா. எண்ணிக்கோ. நான்தான் எடுத்தேன்."

"நீயா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"பயமா இருந்திச்சி. உனுக்கு உடம்பு சரியில்ல மாமா. தூங்கவே மாட்டேன்ற. நீ உன்னையே எதுனா பண்ணிக்குவியோன்னு பயம்."

ஏழுமலை தோட்டாக்களை எண்ணினார். எண்ணி முடித்து அந்தத் துணியை முகர்ந்து பார்த்தார். பிறகு, "சோத்துக்கு அடியிலயா வெச்ச?" என்றார்.

"வேற எடம் ஏது?"

"ஈரம் பட்டா வீணாப்பூடும்டி."

அன்வர் சிரித்துவிட்டார். அடக்க முயன்றும் முடியவில்லை. சாந்தி அழுதுகொண்டே சிரித்தார். ஏழுமலை சிரிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியை நீட்டினார். அன்வர் அதை வாங்கி, தோட்டாக்களோடு சேர்த்து, அங்கே நின்றபடியே உதவி ஆய்வாளரை அழைத்து அவரிடம் கொடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு ஏழுமலை. டியூட்டி நான் எடுத்துக்கிட்டேன். நீ போய்த் தூங்கு."

"எங்க பாய் தூங்கறது? உள்ள தூக்கம் வராது."

"ஆஸ்பத்திரில. அங்க தூங்க வெப்பாங்க. சாந்தியும் கூட வரும்."

"வீடு?"

"நான் இருக்கேன்ல? மாத்த ஆள் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

உதவி ஆய்வாளர் வரவழைத்திருந்த ஆம்புலன்ஸில் ஏழுமலை தானாகவே ஏறினார். ஏறும் முன் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை நான் எழுதிய செய்தி சிறியது. உடல்நலம் பாதிக்கப்பட்ட முன்னாள் ராணுவ வீரரை, அவர் மனைவியும் நண்பரும் காவல் துறையும் பேசி மருத்துவமனையில் சேர்த்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கிறது. அதில் தோட்டா இல்லை. ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் போடவில்லை. நோயின் பெயரை நான் கேட்கவே இல்லை. துப்பாக்கியை மறைத்து எழுதவில்லை, ஏனென்றால் அது இருந்தது. தோட்டாவைச் சேர்த்து எழுதவில்லை, ஏனென்றால் அது இல்லை. செய்தி ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஏழுமலைக்குக் குணமாகப் பல மாதங்கள் ஆயின. இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பு தேறியதும் அவரே நிலையத்துக்குப் போய், உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். "மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அப்ப துப்பாக்கியத்தான் நிறுத்தணும்" என்றாராம். கன்மேன் வேலை போயிற்று. இப்போது ஆம்பூரில் ஒரு கம்பெனிப் பேருந்து ஓட்டுகிறார். சாந்தி அதில்தான் வேலைக்குப் போகிறார். முதல் இருக்கையில் உட்கார்ந்து வழி நெடுக அவர் ஓட்டுவதைக் குறை சொல்கிறார் என்று கேள்வி.

இனி மறுநாள் காலை. அதைப் பார்க்காமல் போயிருந்தால் எனக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும்.

தொடர் செய்திக்கு ஏதாவது கிடைக்குமா என்று அந்தத் தெருவுக்குப் போனேன். கூட்டம் இல்லை. சிலிண்டரும் இல்லை. கிரில் கேட்டுக்குப் பின்னால் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் அன்வர் உட்கார்ந்திருந்தார். கசங்கிய சீருடை, தலையில் தொப்பி, கையில் யாரோ கொண்டுவந்து கொடுத்த டீ. டம்ளரைத் திருப்பி வாங்கிப்போகக் குமார் கேட்டருகே காத்திருந்தான்.

"இன்னும் இங்கேயா இருக்கீங்க?" என்றேன்.

"மாத்த ஆள் வரல சார்."

நான் சிரித்தேன். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சற்று நேரத்தில் பேருந்திலிருந்து சாந்தி இறங்கி வந்தார். மாற்றுத் துணி எடுத்துப் போக வந்திருந்தார். அன்வர் டம்ளரைக் குமாரிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"தூங்கறாரா?"

"நேத்து சாயங்காலம் படுத்தவரு பாய். நான் கெளம்பற வரைக்கும் எழுந்திருக்கல."

அன்வர் தலையசைத்தார். வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"வீடு எல்லாம் சரியா இருக்கும்மா. யாரும் வரல. சிலிண்டர உள்ள வெச்சிருக்கேன். டிவிய மட்டும் ஆஃப் பண்ணிட்டேன்."

"சரி பாய்" என்றார் சாந்தி. "நான் பாத்துக்கறேன். நீங்க போய்த் தூங்குங்க."

அதன் பிறகுதான் அன்வர் தொப்பியைக் கழற்றினார்.